பதம் வைக்காத கொண்டி

ஜவளகிரிக் காட்டோரத்தில் காவேரிக்கு ஒரு ராகிக் கொல்லை. கணவன் இறந்தபின் காவல் துப்பாக்கியின் லைசென்ஸும் அவள் பேருக்கு வந்தது. பன்றிக் கூட்டம் இறங்கினால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி. அவ்வளவுதான் அதற்கு வேலை. தோட்டாவைத் தட்டும் குதிரை, பின்னால் இழுத்தால் நிற்காமல் நழுவத் தொடங்கவே, கிருஷ்ணகிரியில் துப்பாக்கி ரிப்பேர் செய்யும் ராஜசேகரிடம் கொண்டுபோனாள்.

துப்பாக்கியின் உள்விவகாரம் அவளுக்குத் தெரியாது. ஆளைப் பார்த்துத்தான் எடை போட வேண்டியிருந்தது. அவர் முதலில் லைசென்ஸை வாங்கி எண்ணை ஒத்துப் பார்த்தார். தோட்டா இல்லை என்று அவள் சொல்லியும், குழலைச் சுவர்ப்பக்கம் திருப்பித் திறந்து விரலை விட்டுப் பார்த்தார்.

"சொன்னா நம்பமாட்டீங்களா?"

"எங்கப்பா சொன்னாலும் நம்பமாட்டேம்மா."

அந்தப் பதில் அவளுக்குப் பிடித்திருந்தது. வேலை முடிந்ததும் நிம்மதியாக வீட்டுக்கு எடுத்துவந்தாள்.

மறுநாள் காலை அவரிடமிருந்து போன். "அம்மா, வெடிச்சுப் பாத்தீங்களா?"

"இன்னும் இல்லீங்க."

"தொடாதீங்க. நான் வர்றேன்."

மத்தியானம் மழையில் தொப்பலாக நனைந்து பைக்கில் வந்து இறங்கினார். துப்பாக்கி காலி என்று பார்த்துக்கொண்டு, குதிரையை இழுத்து நிறுத்தி, அடிக்கட்டையை ஒரு சாக்கின்மேல் லேசாகத் தட்டினார். விசையில் யார் விரலும் படவில்லை. குதிரை படாரென்று விழுந்தது.



"குதிரையைப் பிடிக்கிற கொண்டி ரெண்டு ராவி வெச்சேம்மா. ஒண்ணைக் காய்ச்சிப் பதம் வெச்சேன். அது காலைல பாத்தா மேசை மேலயே கெடக்குது. உங்களுதுல பதம் வெக்காததை மாட்டிட்டேன், அது மெத்து இரும்பு, பிடி நிக்காது. தப்பு என்னுதுதான்."

"தோட்டா போட்டிருந்தா என்ன ஆயிருக்கும்? பேரப்புள்ளைங்க நடமாடுற வீடுங்க இது!"



பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்த கொழுந்தன் கோவிந்தப்பன் அவளைத் தனியே அழைத்தான். "இந்தாளு வேணாம் அண்ணி. ஓசூர்ல வேற ஆள் இருக்கறான்."

அவன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. உயிரைக் குடித்திருக்கக்கூடிய கைப்பிசகு. ஆனால் இவர் வாயைத் திறக்காமலே இருந்திருக்கலாம். வெடித்திருந்தால், பழைய துப்பாக்கி, பொம்பளைக்குப் பிடிக்கத் தெரியவில்லை என்று ஊர் அவளைத்தான் சொல்லியிருக்கும். அது அவருக்கும் தெரியாதா? ஓசூர்க்காரன் கை பிசகாது என்றே வைத்துக்கொள்வோம். பிசகினால் இப்படி ஓடி வருவானா? அதை எந்தக் கடை வாசலில் நின்றும் கண்டுபிடிக்க முடியாது.

அவள் திரும்பி வந்தாள். "நாளைக்கு நானே எடுத்துட்டு வர்றேன். என் கண்ணு முன்னாடிதான் மாட்டணும்."

"கூடவே உக்காந்து பாருங்கம்மா."

சொன்னபடியே உட்கார்ந்து பார்த்தாள். ஒருமுறைக்குப் பலமுறை தட்டிக் காட்டச் சொன்னாள். அவர் முகம் சுளிக்காமல் தட்டினார்; குதிரை விழவில்லை. பஸ்ஸில் திரும்பும்போதும் அவர்மேல் அவளுக்குக் கோபம் ஆறவில்லை. ஆனாலும் இனி ஒரு பழுதென்றால் யாரிடம் போவது என்ற கேள்வி அவளுக்கு எழவேயில்லை.