14-சி இருக்கையின் தாய்மாமன்

தூத்துக்குடிக்குக் காலை எட்டு நாற்பதுக்குக் கிளம்பும் விமானத்தில் 14-சி இருக்கை இரண்டு பேருக்கு விற்கப்பட்டிருந்தது. அன்று பதினொரு மணிக்குக் கோமதி வீட்டுக் காதுகுத்தில் குழந்தையை மடியில் வைத்துக்கொள்ளும் தாய்மாமன் பொறுப்பும் அந்த இருக்கையோடு சேர்ந்தே விற்பனையாகியிருந்தது. வாங்கியவர்களில் ஒருவர் ஆவுடையப்பன். கோமதியின் கூடப்பிறந்த அண்ணன். அம்பத்தூரில் தண்ணீர் மோட்டார் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருப்பவர். இன்னொருவர் சித்திரைவேல். தாலுகா ஆபீஸில் எழுத்தராக இருந்து ஓய்வுபெற்றவர். கோமதிக்கு அவர் எந்த வகையிலும் உறவில்லை.

"கூடப்பிறந்தவர்ங்கிறது டிக்கெட்ல வராது சார்," என்றாள் கவுண்டரில் இருந்த பெண். அவள் சட்டையில் பெனடிக்டா என்று பெயர் குத்தியிருந்தது.

ஆவுடையப்பன் கவுண்டர் பலகையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். "என் தங்கச்சி. என் மருமக. என் மடி. இதுல இவரு எங்கேருந்து வந்தாரு?"

"வழக்கமா ஒருத்தரைக் கூடுதலாத்தான் சார் போடுவோம்."

அவள் திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினாள். நூறு தாய்மாமன்களில் எட்டுப் பேர் கடைசி நேரத்தில் முறுக்கிக்கொண்டு வராமல் போய்விடுகிறார்கள். அந்த எட்டு வீடுகளிலும் ஆசாரி ஊசியோடு காத்திருப்பார், குழந்தையை வைத்துக்கொள்ள மடி இருக்காது. அதனால்தான் இந்த ஏற்பாடு. இன்றைக்கு இரண்டு பேருமே வந்துவிட்டார்கள். யாராவது ஒருவர் மனமுவந்து விட்டுக்கொடுத்தால் நிறுவனம் ஈடு தரும்.

"என்கிட்ட ஏன் கேக்குறீங்க? அவர்கிட்ட கேளுங்க."

"உங்க பேர்ல ஏற்கெனவே ஒரு தடவை 'வரவில்லை'ன்னு பதிவாகியிருக்கு சார். நாலு வருஷத்துக்கு முன்னாடி. புதுமனை புகுவிழா."

ஆவுடையப்பனுக்குக் காது மடல்கள் சுட்டன. அவர் போகவில்லை என்பது உண்மை. போகாததற்கான காரணம் அவருடைய சட்டைப்பையில் இருந்தது. அந்தப் புதுமனை அழைப்பிதழில் மாப்பிள்ளை குற்றாலிங்கத்தின் பெரியப்பா பெயர் இருந்தது, சித்தப்பாக்கள் பெயர் இருந்தது, வீட்டுக்கு சிமெண்ட் கொடுத்தவர் பெயர்கூட இருந்தது. கோமதியின் அண்ணன் பெயர் இல்லை. போன் போட்டுக் கேட்டபோது, "அச்சகத்துல விட்டுப்போச்சு மச்சான்," என்று சொல்லிவிட்டுக் குற்றாலிங்கம் சிரித்தார். பெயர் விட்டுப்போனதைக்கூட ஆவுடையப்பன் ஒரு மாதத்தில் மறந்திருப்பார். அந்தச் சிரிப்பைத்தான் சட்டைக்குச் சட்டை மாற்றி நாலு வருஷமாகச் சுமந்துகொண்டிருந்தார்.

காதுகுத்து அழைப்பிதழில் அவர் பெயரைப் போட்டிருந்தார்கள். அது அவர் கோபத்தை இரட்டிப்பாக்கியது. ஏனென்றால் அதே அச்சகம். பதினொரு மணிக்குக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, அத்தனை சொந்தக்காரர்களுக்கும் முன்னால் பழைய அழைப்பிதழை எடுத்து நீட்டி, "அச்சகத்துல விட்டுப்போச்சா, நீ விட்டியா?" என்று கேட்கப்போகிறார். இந்த ஒரு கேள்விக்காகத்தான் அவர் டிக்கெட் எடுத்திருந்தார்.

பெனடிக்டா ஒரு தாளைப் பார்த்து வாசித்தாள். "அடுத்த வாரம் கரூர்ல ஒரு கல்யாணம். மாப்பிள்ளைத் தோழனாப் போகலாம்."

"எனக்கு நாப்பத்தெட்டு வயசு."

"குதிரை உண்டு சார்."

"குதிரைய நீயே ஓட்டும்மா."

அவள் முகம் மாறவில்லை. அடுத்த வரிக்குப் போனாள். பழனியில் ஒரு பையனுக்கு மொட்டை. தாய்மாமன் பொறுப்பு. அழைப்பிதழில் சிவப்பு எழுத்தில் பெயர். மண்டப வாசலில் கூலிங் கிளாஸோடு ஃப்ளெக்ஸ் படம்.

"எவன் புள்ளைக்கோ நான் எதுக்கு மடி குடுக்கணும்?"

"நான் குடுப்பேன் அண்ணாச்சி," என்றார் பின்னாலிருந்து சித்திரைவேல்.

ஆவுடையப்பன் திரும்பினார். சித்திரைவேல் ஒரு நீல ரெக்ஸின் பையை முழங்கால்மேல் நிறுத்தி, இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னவே பிடிச்சிருக்கீரு?"

"அரிசி. பதினோரு கிலோ. பாப்பு எடை அதுதான். பத்து நாளாப் பழகுறேன். புள்ள கைய உதறும்போது அசையாமப் பிடிக்கணும்ல."

"அது யாரு பாப்பு?"

"உங்க மருமகதான். தன்ஷிகான்னு கூப்பிட்டாத் திரும்பிப் பாக்காதாம். பாப்புன்னா பாக்கும்." பையின் ஓரத்தில் செருகியிருந்த பிஸ்கட் பொட்டலத்தைத் தொட்டுக்காட்டினார். "வலது காதுக்கு அழாது அண்ணாச்சி. என்னன்னே தெரியாது பாருங்க. இடது காதுக்குத்தான் அழும். அப்ப தெரிஞ்சுபோயிருக்கும்."

"நீரு பாத்திருக்கீரா அவள?"

"இல்ல. கம்பெனியில நாலு பக்கத்துல எல்லாம் எழுதிக் குடுத்திருக்காங்க."

"எனக்கு ஏன் குடுக்கல?"

"சொந்த மாமனுக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்கும்னு விட்டிருப்பாங்க."

அதில் குத்தல் எதுவும் இல்லை. அதனாலேயே ஆவுடையப்பனுக்கு அந்த ஆளை அப்படியே தூக்கி, சூட்கேஸ்கள் போகும் பட்டையில் போட்டுவிடலாம்போல் இருந்தது. குழந்தைக்கு மூன்று வயது. அவர் அவளைப் பார்த்ததில்லை. பதினோரு கிலோ என்பது இப்போதுதான் அவருக்குத் தெரியும்.

பெனடிக்டா உள்ளே போய் ஒரு பழுப்பு ஃபைலோடு திரும்பி வந்தாள்.

"சார், கடைசியா ஒண்ணு. அந்தப் புதுமனை புகுவிழாவையே தர்றோம். நாலு வருஷத்துக்கு முன்னாடி, காலை ஆறு மணி முகூர்த்தம். பத்திரிகையில உங்க பேர் இருக்கும். குற்றாலிங்கம் சார் வாசலுக்கு வந்து கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போவார். மூணாம் நம்பர் கேட்."

ஆவுடையப்பன் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு கேட்டார். "சிரிப்பானா?"

"மாட்டார் சார். எழுதி வாங்கியிருக்கோம்."

அவர் பேனாவை எடுத்தார். படிவத்தில் தன் பெயரை முழுதாக எழுதினார். அப்பா பெயரையும் எழுதினார். கடைசி வரியில் பேனா நின்றது. பழைய அழைப்பிதழின் அசலையும் அது சம்பந்தமான கேள்வியையும் கவுண்டரில் ஒப்படைக்க வேண்டும் என்று அதில் இருந்தது.

"கேள்விய எதுக்குக் குடுக்கணும்?"

"பத்திரிகையில பேர் வந்துட்டா, கேள்வி செல்லாது சார். ரெண்டையும் வச்சுக்க முடியாது."

"சரி. பேர் வந்துரும். அதுக்கப்புறம் நான் போகாத நாலு வருஷம் இருக்கே. அவ பொறந்தது, நடந்தது, பேசுனது. அத யாரு தருவா?"

பெனடிக்டா ஃபைலைப் புரட்டிப் பார்த்தாள். "அது எங்க ரூட்ல இல்ல சார்."

ஆவுடையப்பன் பேனாவை விசிறியடித்தார். அது தரையில் உருண்டு சித்திரைவேலின் செருப்பருகே போய் நின்றது. "பேரப் போட்டுட்டா ஆச்சா? நாலு வருஷம் வெந்துக்கிட்டுக் கெடந்தவன் நான். வேகவச்சவன் ஒரு வார்த்தை பதில் சொல்லாம, வாசல்ல வந்து கையப் பிடிச்சாப் போதுமா? இந்தக் கார்டு எங்கிட்டத்தான் இருக்கும். கேள்வியும் எங்கிட்டத்தான் இருக்கும். நான் போறேன். என் சீட்டக் குடு."

அவள் ஃபைலை அப்படியே அடுத்த ஆள் பக்கம் திருப்பினாள். "சார், நீங்க?"

சித்திரைவேல் குனிந்து பேனாவை எடுத்துத் துடைத்தார். "முகூர்த்தம் ஆறு மணியா? அப்ப இப்பவே கிளம்பினாத்தான் சரியா இருக்கும்." படிவத்தில் ஆவுடையப்பன் எழுதியிருந்த பெயரை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதினார். கடைசி வரியைக் காட்டி, "எங்கிட்டக் கார்டு இல்லையேம்மா," என்றார்.

"உங்களுக்குத் தேவையில்ல சார். உங்களுக்குத்தான் கோபம் இல்லையே."

அவர் அரிசிப் பையைக் கவுண்டரில் விட்டுவிட்டு, நாலு பக்கத்தையும் பிஸ்கட்டையும் ஆவுடையப்பன் கையில் கொடுத்தார். "இடது காதுக்குக் குடுங்க அண்ணாச்சி. முன்னாடியே குடுத்துராதீங்க." பிறகு வேட்டியைச் சரிசெய்துகொண்டு மூன்றாம் கேட் வழியாக நாலு வருஷத்துக்கு முன்னால் போனார்.

14-சி நடைபாதை ஓரத்தில் இருந்தது. ஆவுடையப்பன் பெல்ட்டைப் போட்டுக்கொண்டார். கேள்வியை ஒருமுறை சொல்லிப் பார்க்கலாம் என்று பழைய அழைப்பிதழை எடுத்து விரித்தார். பெரியப்பா பெயருக்குக் கீழே, சிமெண்ட் கொடுத்தவர் பெயருக்கு மேலே, 'கோமதியின் அண்ணன் திரு. சித்திரைவேல்' என்று இருந்தது. மையும் புதிது இல்லை. மற்றப் பெயர்களைப் போலவே நாலு வருஷ வியர்வையில் மங்கியிருந்தது. கடைசி வரைக்கும் விரலை ஓட்டிப் பார்த்தார். தன் பெயர் இல்லை. அழைப்பிதழை மடித்துப் பைக்குள் வைத்தார். பதினொரு மணிக்குக் கேட்க இப்போது இரண்டு கேள்விகள் இருந்தன. எதை முதலில் கேட்பது என்று பல்லைக் கடித்தபடி யோசித்தார்.

செல்போன் அடித்தது. கோமதி.

"அண்ணே, ஏறிட்டியா?"

"ஏறிட்டேன்."

"சித்திரைவேல் அண்ணன் உங்கூட வரலையா? பால் காய்ச்சுன அன்னைக்கு அடுப்பு பத்தவே மாட்டேன்னுட்டு. அவருதான ஒத்தையா உக்காந்து ஊதி ஊதிப் பத்தவச்சாரு. அவரு இல்லாம எப்படிண்ணே?"

விமானம் மெல்ல நகரத் தொடங்கியது. ஆவுடையப்பன் பிஸ்கட் பொட்டலம் நொறுங்காதபடி மடியில் நேராக வைத்துக்கொண்டார்.

"அதுக்குத்தான் போயிருக்காரு," என்றார்.