மெழுகு உடையாத சீசா

1

இந்தக் கதை எனக்குத் தானாகத் தோன்றியதல்ல. வீரம்மா எழுதச் சொன்னாள். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்தில், கூலிக்காரர் வரிசைக் குடியிருப்பில், எனக்கு அடுத்த வீட்டுக்காரி. அவள் புருஷன் கன்னையா என்னோடு தண்டவாளக் கட்டை மாற்றியவன். போன மழையில் குளிர்காய்ச்சலில் செத்தான். நான் எழுத்துக் கற்றது தலை நரைத்த பிறகு. பேனாவைப் பிடித்தால் கடப்பாரையைப் பிடித்தது போல விரல் இறுகிக்கொள்கிறது. சில வாக்கியங்கள் பாதியில் நிற்கும். நிற்கட்டும்.

முதல் தொடக்கம்: கிள்ளான் ஆற்றின் மேல் செவ்வானம் படர்ந்த அந்த மாலையில்...

(அடித்துவிட்டேன். அவன் குடித்த மருந்து பற்றிய கோர்ட்டு காலையில் நடந்தது. வானத்தை யாரும் பார்க்கவில்லை.)

இரண்டாவது தொடக்கம்: கன்னையா குடிப்பழக்கம் இல்லாத உத்தமன்...

(குடிப்பான். குடிக்கிறவனுக்கும் மருந்து சரியாகத்தான் இருக்க வேண்டும்.)

2

கிள்ளானில் மருந்துக் கம்பெனி நடத்துகிறவர் ரெங்கசாமி. அவருடைய காய்ச்சல் மிக்சர் லேபிளில் 'முழு அளவு கொய்னா' என்று அச்சடித்திருக்கும். கொய்னா என்றால் குளிர்காய்ச்சலை நிறுத்தும் கசப்பு மருந்து. நம் ஜனங்கள் லேபிளை நம்புவதில்லை, நாக்கைத்தான் நம்புவோம். கடையிலேயே மூடி மெழுகை உடைக்கச் சொல்லி, உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நக்கிப் பார்ப்போம். முகம் கோணினால் வாங்குவோம். கசக்காவிட்டால் வேண்டாம்.*

ரெங்கசாமிக்கு இது நன்றாகத் தெரியும். கொய்னாவைக் கிள்ளிப் போட்டு, நிலவேம்புச் சாற்றை அள்ளி ஊற்றினார். முகம் கோணியது. காய்ச்சல் நிற்கவில்லை.

* தண்ணீர் கலந்து விற்ற கடைக்காரர்களிடம் ஏமாந்து ஏமாந்து வந்த பழக்கம் இது. யாரும் சிரிக்க வேண்டாம்.

3

அரசாங்கம் வழக்குப் போட்டது. கன்னையா குடித்து மிச்சம் வைத்த சீசாவை வீரம்மாதான் கொடுத்தாள். அதில் கொய்னா பேருக்குத்தான் இருந்தது என்று சோதித்தவர் சொன்னார். அடுத்து வீரம்மா கூண்டில் ஏறினாள். ரெங்கசாமியின் வக்கீல் இங்கிலீஷில் கேட்க, மாரிஸ் என்கிற துபாஷி தமிழில் சொன்னார்.

"மருந்து கசந்துச்சாம்மா?"

"கசந்துச்சுங்க. கொடலு பொரண்டுபோற கசப்பு."

"மெழுக ஒடச்சது யாரு?"

"கடைக்கார பக்கிரிசாமி அண்ணன். நான்தான் ஒடைக்கச் சொன்னேன்."

"அப்ப, நீயே தண்ணி ஊத்தலன்னு எப்படி நம்புறதுன்னு கேக்குறாரு."

"எம் புருசன் மருந்துல நான் எதுக்குங்க தண்ணி ஊத்துறேன்? நானா கம்பெனி வச்சிருக்கேன்?"

பின்வரிசை சிரித்தது. நீதிபதி துவான் சிரிக்கவில்லை. மெழுகு உடையாத சீசா ஒன்று, அதே லேபிளோடு வேண்டும் என்றார். தீபாவளிக்குப் பிறகு என்று வழக்கைத் தள்ளிவைத்தார். வெளியே வருவதற்குள் ரெங்கசாமியின் லோரி கடைகடையாகப் போய்ப் பழைய சரக்கையெல்லாம் ஏற்றத் தொடங்கிவிட்டது.

4

எனக்குப் பொறுக்கவில்லை. அந்தக் காட்சியை மாற்றி எழுதினேன். இந்த வீரம்மா கூண்டில் நின்று, "கசக்கவே இல்லைங்க, வெறும் தண்ணி" என்கிறாள். ரெங்கசாமி வியர்க்கிறார். அரிசி புடைத்துக்கொண்டிருந்த நிஜ வீரம்மாவிடம் படித்துக் காட்டினேன்.

"யாருண்ணே இவ?"

"நீதான் தாயி."

"நான் கசந்துச்சுன்னுல்ல சொன்னேன்?"

"கதைதானே. இப்படிச் சொன்னா மருந்துல கொய்னா இல்லன்னு ஆகி ஜெயிச்சிடலாம்."

முறம் நின்றது. "இல்லாதத அவன் லேபிள்ல எழுதுனான். நீங்க கதையில எழுதுறீங்க. அடிங்க அத."

அடித்தேன்.

5

முடிவுகளும் எழுதிப் பார்த்தேன். ரெங்கசாமி ஜெயிலுக்குப் போகிறார். (தீர்ப்பு இன்னும் வரவில்லையே.) ரெங்கசாமி மாலை போட்டுக்கொண்டு வெளியே... (கை ஓடவில்லை.)

நடந்ததை மட்டும் சொல்கிறேன். வேலையில்லாத நாளெல்லாம் நானும் வீரம்மாவும் சீசா தேடி அலைகிறோம். சாலாக் செலாத்தான், சுங்கை வே, காஜாங் என்று ஊர் ஊராக.

"காலு விட்டுப்போச்சு தாயி."

"எனக்கு மட்டும் என்ன ரப்பர் காலா? நடங்கண்ணே."

காஜாங்கில் சாந்தமேரி என்கிற பெண் உள்ளே ஓடிப்போய் நிறைந்த சீசா ஒன்றைக் கொண்டுவந்தாள். அதே லேபிள். வீரம்மா மூடியைப் பார்த்தாள், மெழுகு உடைந்திருந்தது.

"ஒரே ஒரு சொட்டுதாங்க்கா நக்குனேன்," என்றாள் சாந்தமேரி, திருடியவள் போல.

"நானும் அதத்தான் செஞ்சேன்," என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள் வீரம்மா.

6

இதைப் போடும் பத்திரிகை ரப்பர்த் தோட்டந்தோறும் போகிறது. ஒருவர் படிக்க லயமே கேட்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். அவசரத்தில் நக்கிப் பார்க்காமல் வாங்கிய சீசா யார் வீட்டிலாவது, சாமி படத்துக்குப் பின்னால் இருக்கலாம். நாக்கில் வைக்காதீர்கள். துணியில் சுற்றிக் கொண்டுவாருங்கள். ரயில்வே லயத்தில் வீரம்மா வீடு என்றால் யாரும் காட்டுவார்கள்.

இதுவரை படிக்கக் கேட்ட வீரம்மா என்னை நிறுத்தினாள். "வீட்டுல காய்ச்சலா கெடந்தா, அத நம்பி இருக்க வேணாம், ஆஸ்பத்திரிக்கே போங்கன்னு எழுதுங்க. கசப்ப நம்பாதீங்கன்னும் எழுதுங்க."

எழுதிவிட்டேன். மிச்சம் உங்களுடையது. கடைசி வாக்கியத்தை மட்டும் தொடங்கி வைக்கிறேன்:

தீபாவளி கழிந்து கோர்ட்டு கூடியதும், வீரம்மா முந்தானைக்குள்ளிருந்து சீசாவை எடுத்து, மெழுகு தெரியும்படி மேசைமேல்