ரெண்டு பேர் பார்த்தாதான் கணக்கு

ரத்தினம்மா இல்லாம நான் கப்பல் ஏறினது இதுதான் முதல் தடவை. ஏறும்போதே எனக்கு எரிச்சல். கேபின் கதவைத் திறந்தா உள்ள ரெண்டு கட்டில். ஒண்ணுல நான் படுக்கணும், இன்னொண்ணுல என் கைப்பை படுக்கணும். ரூம் சுத்தம் பண்ண வந்த ஒலி முகம்மது, "இன்னொருத்தவங்க எப்ப வருவாங்க ஆன்ட்டி?"ன்னு கேட்டாரு. "அவ ஆஸ்திரேலியாவுல, பெர்த்துல இருக்கா. நீந்தி வந்துக்கிட்டு இருக்கா"ன்னு சொல்லிட்டேன். பாவம், அந்த மனுஷன் என்ன செய்வாரு? சிரிக்கிறதா வேணாமான்னு தெரியாம துண்டை மடிச்சு வச்சிட்டுப் போயிட்டாரு.

நான் யோகம். கல்யாணம் காட்சின்னு ஒண்ணும் பண்ணிக்கல. பள்ளிக்கூட ஆபீஸ்ல கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆகி, சிங்கப்பூர் புக்கிட் பாஞ்சாங்ல தனியா இருக்கேன். ரத்தினம்மா தேக்கா மார்க்கெட் மாடியில தையல்கடை வச்சிருந்தவ. எங்க அறிமுகமே சண்டைதான். தீபாவளிக்கு அவகிட்ட தைக்கக் குடுத்த ரவிக்கையில ஒரு கை இறுக்கிப் பிடிச்சுது. போய்க் கேட்டா, "ரவிக்கை சரியாத்தான் இருக்கு. உங்க கைதான் ஒண்ணு பெருசு, ஒண்ணு சிறுசு"ன்னா. கடை பூரா பொம்பளைங்க, எல்லாரும் என் கையைப் பாக்குறாங்க! வீட்டுக்கு வந்து டேப் வச்சு அளந்தேன். அவ சொன்னது சரி. மறுநாள் போய் அதுக்கும் ஒரு சண்டை போட்டேன். அப்புறம்தான் தெரிஞ்சது, அவளும் என் பிளாக்தான், எனக்கு ரெண்டு மாடி கீழே. புருஷன் போய்ச் சேர்ந்துட்டாரு, ஒரே மக ரக்ஷனா.

அதுலேர்ந்து வருஷா வருஷம் நாங்க ரெண்டு பேரும் ஒரு கப்பல் பயணம். மத்தவங்க சூதாடப் போவாங்க, சாப்பிடப் போவாங்க. நாங்க கடலைப் பாக்கப் போவோம். முதல் பயணத்துல காலையில தேத்தண்ணி குடிச்சுக்கிட்டு நிக்கும்போது ஒரு டால்ஃபின் கூட்டம் எங்க கண்ணு முன்னாடியே குதிச்சுது. அந்தப் பைத்தியம் அன்னிக்குப் பிடிச்சதுதான்.

அடுத்த வருஷம் ஒரு ஆமையால வந்தது வினை. அவ தே எடுக்கப் போயிருந்த நேரத்துல நான் பார்த்தேன். வந்தவகிட்ட சொன்னா, "நான் பாக்கலல்ல? அப்ப கணக்கு இல்ல லா"ன்னுட்டா. கப்பல் சிங்கப்பூர் திரும்புற வரைக்கும் நான் அவகூட பேசல. "யாழ்ப்பாணத்து ரோஷம்"னு அவ கேலி பண்ணினா. எங்க தாத்தா காலத்துல இங்க வந்த குடும்பம், நான் யாழ்ப்பாணத்தைப் பார்த்ததுகூடக் கிடையாது. ஆனா ரோஷம் மட்டும் வந்து சேர்ந்துடுச்சாம்.

அன்னிலேர்ந்து அதுவே சட்டமாயிடுச்சு. ரெண்டு பேர் பார்த்தாதான் கணக்கு. முதல்ல பாக்குறவ கையை மட்டும் நீட்டணும், வாயைத் திறக்கக் கூடாது. என்னன்னு மத்தவதான் சொல்லணும். மலாக்கா நீரிணையில மிதக்குற கட்டைக்கா பஞ்சம்? ஒருத்தி 'ஆமை'ன்னு சொல்லிட்டா மத்தவ கண்ணுக்கும் அது ஆமையாத்தான் தெரியும். ஆமை, கடல்பாம்பு, பறக்கும் மீன் எல்லாம் பார்த்தாச்சு. திமிங்கலம் மட்டும் சிக்கல. "அதைப் பாக்காம நான் சாக மாட்டேன்டி"ன்னு சொல்லிக்கிட்டே இருப்பா ரத்தினம்மா.

அப்புறம் ரக்ஷனா பெர்த்துல வீடு வாங்கினா. "ஆறு மாசம் இருந்துட்டு ஓடி வந்துடறேன்"னு சாவியை எங்கிட்ட குடுத்துட்டுப் போனா ரத்தினம்மா. தீபாவளி போச்சு, பொங்கல் போச்சு, மறுபடி தீபாவளியும் போச்சு. நான் வாரா வாரம் கீழே போய் ஜன்னலைத் திறந்து வைப்பேன், குழாயைக் கொஞ்ச நேரம் ஓட விடுவேன், அவ நாற்காலியில உக்காந்துட்டு வருவேன். எப்ப வரேன்னு கேட்டா, "வரேன் வரேன்"ங்குறா. எனக்கு அவ இல்லாம முடியல. இதைச் சொல்ல எனக்கென்ன வெக்கம்? பேச்சுத் துணைக்கு டிவியைப் போட்டு வச்சு, அதையே திட்டிக்கிட்டு இருக்கேன்.

அதனாலதான் இந்தப் பயணம். எப்படியாவது அந்தத் திமிங்கலத்தைப் பார்த்துடணும். பார்த்து அவகிட்ட சொன்னா, வயிறு எரிஞ்சு, "கணக்கு இல்லடி, இரு வரேன்"னு கிளம்பி வந்துடுவா. அவ குணம் எனக்குத் தெரியாதா?

பினாங்கைத் தாண்டி மேல போற காலை. கடல் எண்ணெய் ஊத்தின மாதிரி அசையாம கிடந்துச்சு. பக்கத்துல சுரேந்தர்னு ஒரு தம்பி, அவரும் சிங்கப்பூர்தான், ஃபேரர் பார்க் பக்கம், பொண்டாட்டியைக் கம்பி ஓரமா நிக்க வச்சுப் படமா எடுத்துத் தள்ளிக்கிட்டு இருந்தாரு. அப்பதான் தூரத்துல வெள்ளையா ஒரு மூச்சு எழும்பிச்சு. கீழே ஒரு கறுப்பு முதுகு. முடியவே மாட்டேங்குது, போய்க்கிட்டே இருக்கு! கடைசியில கொக்கி மாதிரி சின்னதா ஒரு துடுப்பு. படத்துல வர்ற மாதிரி வாலைத் தூக்கிக் காட்டும்னு பார்த்தா, அதெல்லாம் ஒண்ணும் இல்ல. சத்தமில்லாம வழுக்கி உள்ள போயிடுச்சு. போன இடத்துல தண்ணி மட்டும் தட்டு மாதிரி வழவழன்னு நின்னுச்சு.

நான் கையை நீட்டிக்கிட்டு நிக்கிறேன், வாயைத் திறக்கல. யாருக்காக நீட்டினேன்? பழக்க தோஷம். சுதாரிச்சுக்கிட்டு சுரேந்தர் சட்டையைப் பிடிச்சு இழுத்தேன். "தம்பி, அங்க பாருங்க, அங்க!" அவரு கண்ணால பாக்காம ஃபோனைத் தூக்கி ஜூம் பண்ணினாரு. "அலைதானே ஆன்ட்டி?"ன்னாரு. உங்க கண்ணு என்ன வாடகைக்கா விட்டிருக்கீங்கன்னு கேக்க வாய் வந்துச்சு. பக்கத்துல புதுப்பொண்டாட்டி நிக்குதேன்னு அடக்கிக்கிட்டேன். எத்தனை வருஷமா தேடினது! அத்தனை பெரிய உருவத்தைப் பார்த்துட்டு, அதைச் சொல்ல ஒரு ஆள் இல்லாம நின்னேன். அழுகை வந்துச்சு, அழுதேன்.

நடுக்கடல்ல ஃபோன் எடுக்காது. புக்கெட் துறைமுகம் வந்ததும் முதல் வேலையா அவளைக் கூப்பிட்டேன். பதிலெல்லாம் தயாரா வச்சிருந்தேன். கட்டைன்னு சொன்னா மூச்சைச் சொல்லணும், டால்ஃபின்னு சொன்னா முதுகு நீளத்தைச் சொல்லணும்.

"ரத்தினம், திமிங்கலம் பார்த்துட்டேன்டி!"

"அப்படியா? ரொம்ப சந்தோஷம்டி யோகம்."

நான் காத்திருந்தேன். அந்தப் பக்கம் பாத்திரம் கழுவுற சத்தம்தான் வந்துச்சு.

"அவ்வளவுதானா? கட்டையா இருக்கும்னு சொல்ல மாட்டியா?"

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும். நீயாவது பார்த்தியே, அது போதும்."

ஐயோ! ஊரையே சண்டைக்கு இழுக்குறவ, விட்டுக் குடுக்குறா. என் கை ஒண்ணு சிறுசுன்னு கடை பூரா கேக்கச் சொன்னவ, இன்னிக்கு நான் சொன்னா சரியாத்தான் இருக்கும்ங்குறா. இனிமே அவ வர மாட்டான்னு அப்பவே தெரிஞ்சு போச்சு.

"யோகம்... இதை உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அங்க இருக்குற வீட்டை வித்துடலாம்ங்குறா ரக்ஷனா. எனக்கும் முட்டி முன்ன மாதிரி இல்ல. அடுத்த வாரம் ஏஜெண்ட் வந்து உங்கிட்ட சாவி கேப்பாரு."

"கணக்கு இல்ல"ன்னேன்.

"என்னது?"

"நீ பாக்கலல்ல? அப்ப கணக்கு இல்ல. நீ போட்ட ரூல்தானே லா? நான் திமிங்கலம் பாக்கல. நீ வந்து என் பக்கத்துல நின்னு பார்த்தாதான் பார்த்தது."

அவ "யாழ்ப்பாணத்து ரோஷம்"னு சொல்ல ஆரம்பிச்சா. பாதியிலேயே அழுதுட்டா. நான்தான், "சரி சரி, சாவியைக் குடுத்துடறேன், அழாதே"ன்னு சொல்லி ஃபோனை வச்சேன்.

கப்பல் கிளம்பினதும் மேல போய் அதே இடத்துல நின்னேன். பக்கத்துல ஒரு ஆள் நிக்க இடம் விட்டுத்தான் நின்னேன், அது தானா அப்படி ஆயிடுச்சு. வெயில் தாழ்ற நேரம், தண்ணியில கறுப்பா ஏதோ மிதந்து வந்துச்சு. ஆமையா இருக்கலாம், கட்டையா இருக்கலாம். நான் கையை நீட்டினேன், வாயைத் திறக்கல. அது என்னன்னு சொல்ல வேண்டியவ அவதான்.