பச்சைக் கறியின் உப்பு

விடிவதற்கு முன்பே சாசேஜ் தொழிற்சாலையில் அரைவை இயந்திரம் ஓடத் தொடங்கிவிட்டது. பனியாய் உறைந்த பன்றிக்கறியை வாரி வாரிப் போட்டு மெஷின்காரரின் விரல்கள் மரத்துப்போயிருந்தன. அரைபட்டு விழுந்ததில் உப்பும் மிளகும் சேர்த்துப் பெண்கள் முழங்கைவரை அளைந்து பிசைந்தார்கள். ஒவ்வொரு கலவையிலும் ஒரு சிட்டிகை எடுத்து, பச்சையாகவே வாயில் போட்டு உப்புப் பார்க்க வேண்டும். பல வருடமாக அந்த வேலை செய்தவளை எல்லோரும் உப்பக்கா என்றே கூப்பிட்டார்கள்.

அன்று அவள் இமைகள் வீங்கி, கண் திறக்க முடியாமல், மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"டாக்டர் என்னக்கா சொன்னாரு?" என்றார் மெஷின்காரர்.

"பச்சைக் கறியில இருந்த புழு என் சதைக்குள்ள போய் உக்காந்திருக்காம். வாடகைகூடத் தராம குடியிருக்கு, பாரேன்."

சிரித்தாள். சிரிக்கவும் வலித்தது.

முதலாளி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். "முடியலன்னா வீட்டுக்குப் போ. உன் மருமக உப்புப் பாக்கட்டும்."

கலவைத் தட்டு மருமகளின் கைக்கு வந்தது. கைக்குழந்தைக்காரி.

"அவ வேணாங்கய்யா," என்றாள் உப்பக்கா. "ஒரு அடுப்பும் சட்டியும் குடுங்க. நல்லா வறுத்துட்டுப் பாக்கறோம்."

"அடுப்பு மூட்டிக்கிட்டிருந்தா லாரி எப்பக் கிளம்பும்? வாங்கித் தின்னவனுக்கு ஏதாவது ஆச்சா? வேக வச்சா எந்தப் புழுவும் செத்துடும்."

"அதைத்தானேய்யா நாங்களும் கேக்கறோம்!" மெஷின்காரர் இயந்திரத்தை நிறுத்தினார். "அவங்க வாய்க்கு வெந்தது, எங்க வாய்க்குப் பச்சையா? எங்க வாய் என்ன குப்பைத்தொட்டியா?"

"வேலை வேணும்னா வாய்ல வை. வேணாம்னா கதவு திறந்துதான் கிடக்கு."

கடவுள் நாக்கைத் தந்தது அவனைத் துதிக்க, பிள்ளையைக் கொஞ்ச. அதை ஒருவன் தன் அளவுக் கரண்டியாக்கிக்கொள்வது பாவம். பாவம் என்ற சொல்கூட அதற்குப் போதாது.

வாசலில் சுமைக்காரர்கள் நின்றிருந்தார்கள். ஏற்றும் பெட்டிக்குத்தான் அவர்களுக்குக் கூலி. லாரி நின்றால் முதலில் காய்வது அவர்கள் வயிறு. அவர்களில் மூத்தவர் உள்ளே வந்து, மருமகளின் கையிலிருந்த தட்டை வாங்கிக் கீழே வைத்தார்.

"நீ உக்காரும்மா. இன்னைக்கு லாரி கிளம்பாது."

ஒரு காலிப் பெட்டியைக் கவிழ்த்து உப்பக்காவை அமர்த்தினார். தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி அவள் கால்மேல் போர்த்தினார். பிசைந்துகொண்டிருந்த பெண்கள் ஒவ்வொருவராகக் கையைக் கழுவிவிட்டு அவளைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

முதலாளி போனை எடுத்தார். "வேலைக்கு ஆளா இல்ல? மத்தியானத்துக்குள்ள வேற ஆளுங்க வருவாங்க."

வருவார்கள், அவர்களுக்கும் பசிதான்.

"வரட்டும்," என்றாள் உப்பக்கா. "அவங்களுக்கும் வாய் இருக்கே, சொன்னாப் புரியும். கொஞ்சம் நெருங்கி உக்காருங்கடி. அவங்களுக்கும் இடம் வேணும்."

எல்லோரும் நெருங்கி உட்கார்ந்தார்கள்.