சவுந்தரத்துக்கு வைத்த நூல்

உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். அருப்புக்கோட்டை யாக்கோபு மத்தளமானது, பட்டாளத்து ஆஸ்பத்திரிக்குத் துணி நெய்து கொடுக்கும் சர்க்கார் காண்டிராக்டை எடுத்த பிறகுதான். ஒரு பக்கம் சர்க்கார், மறுபக்கம் அவரை நம்பித் தறி போட்ட தெரு.

துணிக்கு ஜப்பான் நூல்தான் வந்துகொண்டிருந்தது. நாற்பத்தொன்றில் ஜப்பான்காரனோடு கொடுக்கல் வாங்கலே கூடாது என்று சர்க்கார் தடை போட்டது. தடை போட்டதும் சர்க்கார், துணி எங்கே என்று கேட்டதும் அதே சர்க்கார். இந்த நியாயத்தை எங்கே போய்ச் சொல்வது? மதுரைக் கடைகளில் கிடந்த நூலும் ஒளிந்துகொண்டது. மில் நூல் கிள்ளிக் கிள்ளி வந்தது. மறு ஆண்டு ஆடியில், அனுப்ப வேண்டிய லோடுக்குக் கொஞ்சம் துணி குறைந்தது. குறைந்தால் லோடு முழுவதையும் தள்ளிவிடுவார்கள், நூல் வரத்தும் நின்றுவிடும். தறி நின்றால் தெருவில் அடுப்பு எரியாது.

வீட்டில் ஒரு கட்டு ஜப்பான் நூல் இருந்தது. மகள் சவுந்தரத்தின் கல்யாணச் சேலைக்கென்று யாக்கோபுவின் மனைவி ஞானப்பூ பெட்டியில் போட்டு வைத்திருந்தது. தையில் கல்யாணம். வேதக் கோயிலில் பெண் வெள்ளைச் சேலை கட்டித்தான் நிற்க வேண்டும். கடைகளில் வெள்ளைச் சேலையைக் கண்ணால் பார்த்தே நாளாயிற்று.

யாக்கோபு பெட்டிக்கு முன்னால் போய் நின்றார்.

"அதுல மட்டும் கை வைக்காதீக," என்றாள் ஞானப்பூ. "எம்புள்ளை எதைக் கட்டிக்கிட்டுக் கோயிலுக்குப் போவா?"

சவுந்தரமே பெட்டியைத் திறந்து நூலை எடுத்து நீட்டினாள்.

"கொண்டு போங்கய்யா. அடுத்து நூல் வந்தா எனக்கு நெய்ஞ்சு குடுங்க. வராட்டி உங்க ஆஸ்பத்திரித் துணியையே சுத்திக்கிட்டுப் போறேன்."

"சீ, வாயைக் கழுவுடி," என்றாள் ஞானப்பூ. சவுந்தரம் சிரித்தாள்.

நெசவுக்கார அப்பய்யா மில் நூல் பாவில் அந்த நூலைக் குறுக்கே ஓட்டி நெய்து முடித்தார். கஞ்சி ஏறிய துணியில் இரண்டு நூலும் ஒன்றாகவே தெரிந்தன. வெயிலில் விரித்தும் பார்த்தார்கள்.

"நெய்ஞ்ச எனக்கே தெரியலை மொதலாளி, பாக்கறவனுக்கா தெரியப் போகுது?" என்றார் அப்பய்யா.

போன லோடு ஐப்பசியில் திரும்பி வந்தது. பட்டாளத்து ஆஸ்பத்திரியில் துணியைத் துவைத்துப் பார்த்திருக்கிறார்கள். கஞ்சி போனதும் மில் நூல் மங்கி நிற்க, ஜப்பான் நூல் ஓடிய இடம் மட்டும் பளீரென்று வெளுத்துவிட்டது. துணி ஒரே சீராக இல்லையாம். குண்டடி பட்டவன் தன் கட்டுத்துணியில் வெள்ளை குறைகிறது என்று எழுந்து சண்டைக்கு வரப்போகிறானா? ஆனாலும் தள்ளிவிட்டார்கள். தறிகள் நின்றன. யாக்கோபு தெருவில் நடக்கவே கூசினார்.

அந்த ஐப்பசி மழையில்தான் சவுந்தரத்துக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. கொயினா மருந்து கிடைத்தால் பிழைப்பாள் என்றார் டாக்டர். கொயினா விளைகிற ஜாவாவை ஜப்பான்காரன் பிடித்துவிட்டான். இங்கே மிச்சமிருந்ததும் பட்டாளத்துக்குப் போனது. விருதுநகர், மதுரை என்று அலைந்துவிட்டு யாக்கோபு வெறுங்கையோடு வந்து இறங்கியபோது வாசலில் கூட்டம் நின்றது.

கல்யாணமாகாத பெண்ணை அவர்கள் சபையில் வெள்ளைச் சேலை உடுத்தி, மணப்பெண்ணாகத்தான் அடக்கம் செய்வார்கள். ஊரெல்லாம் தறி, ஒரு வெள்ளைச் சேலை இல்லை. அப்பய்யா சரக்குக் கிட்டங்கிக்குப் போனார். திரும்பி வந்த துணிக்கட்டைப் பிரித்து, பளீரென்று வெளுத்திருந்த பகுதியை மட்டும் வெட்டிக்கொண்டு வந்தார்.

ஞானப்பூ அதை வாங்கித் தடவிப் பார்த்தாள்.

"இது நம்ம புள்ளை நூலுல்ல?" என்றாள் புருஷனிடம். "தையிலதான கட்டணும்னு வச்சிருந்தேன்."

அதையே உடுத்தினார்கள். அவளுக்கு நன்றாகவே இருந்தது.

லோடு திரும்பி வந்ததற்கு யாக்கோபு அன்றைக்குத்தான் கர்த்தருக்கு நன்றி சொன்னார். சொன்ன வாய் மூடுமுன்னே நிலைப்படியில் தலையை மோதிக்கொண்டு அழுதார்.