பதினாலாம் நம்பருக்குச் சாயங்கால வண்டி

நடந்தது எந்த மாதம் என்று இப்போது அடித்துச் சொல்ல வராது. யார் முதலில் வாய் திறந்தார்கள் என்பதிலும் எனக்குச் சந்தேகம் உண்டு. நினைவில் நிற்கிற வரிசையில் சொல்கிறேன். முன்பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பஸ் டிப்போவில் எந்த டிரைவர் எந்த நேரத்துக்கு எந்த வண்டியை எடுக்க வேண்டும் என்று டியூட்டி சார்ட் போட்டுக்கொண்டிருந்தார் ஒருவர். எல்லோருக்கும் அவர் சார்ட்காரர். ஆறு வருஷ ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியோடு முடிகிறது.

"வர்றவங்களுக்கு எல்லாத்தையும் கத்துக் கொடுத்துட்டுப் போங்க. அடுத்த டிப்போவுல உங்களுக்கு நானே சொல்லி வைக்கறேன்" என்றார் மேனேஜர்.

அந்த 'எல்லாத்தையும்' என்பதில் ஒன்றைச் சார்ட்காரரால் சொல்ல முடியாது. பதினாலாம் நம்பர் டிரைவர் அவருக்கு மச்சான், மனைவியின் அண்ணன். மச்சானுக்கு மாலைக்கண். பகலில் ஊசியில் நூல் கோர்ப்பார். பொழுது சாய்ந்தால் எதிரில் நிற்பது ஆளா கம்பமா என்று தெரியாது. கண் பரிசோதனை பகலில் நடந்ததால் வருஷா வருஷம் தேறிவிடுவார். காலை ஏழு மணி வண்டியைத் தவிர வேறெதுவும் அவர் தலையில் விழாமல் ஆறு வருஷம் காத்துவந்தது சார்ட்காரரின் பேனா. விஷயம் வெளியே போனால் மச்சானின் வேலை போகும், அவருடைய இரண்டு பிள்ளைகளின் படிப்பும் போகும்.

கற்றுக்கொள்ள வந்தவர் ஐம்பதைத் தொட்ட ஓர் அம்மா. பள்ளிக்கூட ஆபீஸில் இருபது வருஷம் வகுப்புகளுக்கு நேரம் பிரித்துக் கொடுத்தவர். டிரைவர்கள் முதல் நாளே 'டைம்டேபிள் அம்மா' என்று பேர் வைத்துவிட்டார்கள். அவர் அதிகம் கேட்கவில்லை. பழைய சார்ட்டுகளைக் கட்டுக் கட்டாக எடுத்து வைத்துக்கொண்டு ஓரத்தில் பென்சிலால் புள்ளி வைத்தார். கேள்வி கேட்கிறவர்களைச் சமாளித்துவிடலாம். பேசாமல் புள்ளி வைக்கிறவரை என்ன செய்வது? ஒருநாள் அவர் மேனேஜர் அறையிலிருந்து வெளியே வந்ததைச் சார்ட்காரர் பார்த்தார்.

"வேவு பாக்க அனுப்பியிருக்காங்க" என்றார் வீட்டில்.

"ஒரு மனுஷி மேனேஜர் ரூமுக்குப் போகக் கூடாதா? சந்தேகப்பட்டே உங்க தலை வழுக்கையாச்சு" என்றாள் மனைவி.

நாலாம் நாள் அந்த அம்மா நிமிர்ந்தார். "தம்பி, இந்தப் பதினாலு யாரு?"

"ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்."

அந்தச் சும்மாவில் சார்ட்காரருக்குத் தூக்கம் போயிற்று. நேரே மச்சானிடம் போனார்.

"மச்சான், வியாழக்கிழமை உங்களுக்குச் சாயங்காலம் போடறேன்."

"என்னைக் கொல்லப் பாக்கறியா மாப்ளே?"

"நீங்க வரவே வேணாம். மத்தியானம் போன் பண்ணி வயித்து வலின்னு சொல்லிடுங்க. சார்ட்ல ஒரு தடவையாவது சாயங்காலம்னு இருக்கணும்."

"வலி போதுமா, பேதின்னே சொல்லிடவா?"

"உங்க இஷ்டம்."

வியாழக்கிழமை காலை ஏழு மணி வண்டி டிரைவர் இல்லாமல் நின்றது. பயணிகள் தகரத்தைத் தட்டினார்கள். மேனேஜர் ஓடி வந்தார். பலகையில் ஒட்டியிருந்த சார்ட்டில் பதினாலுக்கு எதிரே 'மாலை' அடிக்கப்பட்டு 'காலை' என்று எழுதியிருந்தது. சார்ட்காரரின் கையெழுத்து இல்லை.

"யார் மாத்தினது?"

"நான்தான் சார்" என்றார் அந்த அம்மா. "நேத்து நீங்கல்லாம் போனப்பறம் பாத்தேன். தம்பி கைதவறிப் போட்டுட்டார்னு நினைச்சேன். ஆறு வருஷத்துல பதினாலு சாயங்காலம் ஓட்டினதே இல்லையே. இங்கே அது விதின்னு எடுத்துக்கிட்டேன். காலைக்குப் போட்டிருந்தவரைச் சாயங்காலத்துக்கு மாத்திட்டேன்."

மேனேஜரின் பார்வை சார்ட்காரர் பக்கம் திரும்பியது.

"மச்சானாச்சேன்னு சலுகை காட்டினேன் சார்" என்றார் சார்ட்காரர்.

"அப்ப அடுத்த டிப்போவை மறந்துடுங்க."

மாற்று ஆள் வந்து வண்டி கிளம்பிற்று. அறையில் அந்த அம்மா பழைய சார்ட்டுகளைச் சார்ட்காரர் முன்னால் விரித்தார்.

"சலுகைன்னா ஒரு ஞாயித்துக்கிழமையாவது லீவு கொடுத்திருப்பீங்க தம்பி" என்றார் அந்த அம்மா. "கொடுக்கலை. பகல் குறையற மாசத்துல மட்டும் அவர் வண்டி அரைமணி முன்னாலேயே திரும்புது. கண்ணுல கோளாறா?"

சார்ட்காரர் அந்தச் சார்ட்டுகளை மூடி வைத்தார்.

"மழை இருட்டிக்கிட்டு வர்ற பகல்ல என்ன பண்றார்?"

ஆறு வருஷத்தில் சார்ட்காரர் அதை மச்சானிடம் கேட்டதில்லை. கேட்காமல் இருந்ததே தன் சாமர்த்தியமோ என்று அப்போதுதான் தன்மேலேயே சந்தேகம் வந்தது. அன்று வேலை முடிந்ததும் மச்சான் வீட்டுக்குப் போய் அதே கேள்வியைக் கேட்டார்.

மச்சான் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "முன்னால போற வண்டியோட சிவப்பு விளக்கைப் பாத்துக்கிட்டே போயிடுவேன்."

"முன்னால வண்டி இல்லேன்னா?"

மறுநாள் காலை இருவரும் சேர்ந்தே மேனேஜர் அறைக்குள் போனார்கள்.

மச்சான் இப்போது அதே டிப்போவின் ஸ்டோரில் உதிரி பாகங்கள் எடுத்துக் கொடுக்கிறார். சம்பளம் குறைவு. மூத்த மகள் படித்துக்கொண்டே வேலைக்கும் போகிறாள். ஒரு வருஷம் மச்சான் சார்ட்காரரோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார்; இப்போது பேசுகிறார். சார்ட்காரர் ஒரு பால் கம்பெனியில் லாரிகளுக்கு நேரம் குறிக்கிறார். அந்த அம்மாதான் டிப்போவில் சார்ட் போடுகிறார். அன்று அவர் தெரியாமல் மாற்றினாரா, தெரிந்தே மாற்றினாரா என்று சார்ட்காரர் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.