நட்டின் மேல் ஒரு பொட்டு

என் தம்பி வாமனாவின் ஆம்னி வேனைப் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து கட்டி இழுத்துவந்து என் பட்டறையில் விட்டபோது ஜூலை மாசக் கடைசி. ஆகஸ்டு ஒண்ணாம் தேதி மீன்பிடித் தடை முடிகிறது. அதற்குள் வண்டி ஓட வேண்டும் என்றாள் தம்பி பெண்டாட்டி ஜலஜா. தம்பியின் படகை அவள் அண்ணன் பார்த்துக்கொள்வானாம், மீனை ஹெப்ரி சந்தைக்கு அவளே ஓட்டிக்கொண்டு போவாளாம். சரி என்றேன். நாலு மாசமாக யார் எது சொன்னாலும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தம்பி செத்ததற்கு எனக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. பிணத்தை இறக்கும்போதுகூட, ஆம்புலன்சின் பின் டயரில் காற்று குறைவாக இருக்கிறதே என்றுதான் பார்த்துக்கொண்டு நின்றேன். கல்நெஞ்சன் என்று ஊரில் பேசினார்கள். பேசட்டும்.

ஏப்ரலில் பெய்த முதல் மழை. வளைவில் வண்டி வழுக்கி மதகில் மோதியது. மழைதான் காரணம் என்று எழுதி முடித்தார்கள். எனக்கு மட்டும் இன்னொன்று தெரியும். அதற்குப் பத்து நாள் முன்புதான் அதே வண்டியின் இடது சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மை நான் மாற்றியிருந்தேன்.

அந்த போல்ட்டுக்கு ஒரு முறை இருக்கிறது. வண்டி ஜாக்கியில் தொங்கும்போது லேசாகத்தான் முடுக்க வேண்டும். தரையில் இறக்கி, கனம் முழுக்கச் சக்கரத்தில் உட்கார்ந்த பிறகுதான் கடைசி முடுக்கு. தொங்கும்போதே இறுக்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் முறுக்கிக்கொண்டு கிழிந்துவிடும்; கடைசி முடுக்கை விட்டுவிட்டாலோ போல்ட் தளர்ந்து, ஓடும்போது சக்கரம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகும். கடைசி முடுக்கு முடிந்ததும் நட்டின் மேல் ஒரு பொட்டு பெயிண்ட் வைப்போம். இந்த மல்பே துறைமுகத்தில் எங்கள் எல்லோருக்கும் அதுதான் வழக்கம், படகுக்கு அடித்து மிஞ்சிய பெயிண்ட் வீட்டுக்கு வீடு கிடக்கும். என் பொட்டு எப்போதும் சிவப்பு.

அன்றைக்கு வண்டி ஜாக்கியில் நிற்கும்போதே குடும்ப வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டான். குலதெய்வம் ஆள்மேல் இறங்கி ஆடும் பூதக் கோலம் தொடங்கப்போகிறது, மூத்தவன் நான் நிற்க வேண்டும். தெய்வத்தைக் காத்திரு என்று சொல்ல முடியுமா? கையைக் கழுவிக்கொண்டு ஓடினேன். திரும்பி வந்தபோது தம்பி வண்டியை எடுத்துக்கொண்டு போயிருந்தான். நான் ஓடுவதற்கு முன் வண்டியை இறக்கிக் கடைசி முடுக்கு கொடுத்தேனா? பொட்டு வைத்தேனா? நாலு மாசமாக மண்டையைக் குடைகிறேன், நினைவு வரவே இல்லை. கொடுக்கவில்லையென்றால் தம்பியைக் கொன்றவன் நான்தான்.

மோதியதில் தகடு மடிந்து நட்டை மூடிவிட்டது. விரலை விட்டால் தட்டுப்படும், கண்ணுக்குத் தெரியாது. போல்ட் கழன்றால்தான் நட்டு கையில் வரும். போல்ட்டோ அசைய மாட்டேன் என்கிறது. மீன் பெட்டியிலிருந்து ஒழுகிய உப்புத் தண்ணீர், அப்புறம் கடல்காற்றில் நாலு மாசம். இறுகியிருப்பதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. கையால் முடுக்கிய போல்ட்டும் துருப்பிடித்தால் இப்படித்தான் பிடித்துக்கொள்ளும்.

இரண்டு நாள் எண்ணெய் விட்டேன், தட்டினேன், மறுபடி எண்ணெய் விட்டேன். பக்கத்து வெல்டிங் பட்டறை லான்ஸி வந்து இடுப்பில் கைவைத்து நின்றான்.

"என்ன சீனண்ணா, போல்ட்டுக்குப் பிரசவமா? ரெண்டு நாளா எண்ண தடவி நீவிக்கிட்டே இருக்கீங்க."

"போய் உன் வேலையப் பாருடா."

"கேஸ் கட்டர எடுத்துட்டு வரேன். பத்து நிமிஷம். அறுத்துப் போட்டுட்டுப் புதுசு மாட்டுங்க."

"அறுக்கக் கூடாது."

"சரி, கொஞ்சம் நெருப்பாச்சும் காட்டுவோம். சூடு பட்டா தானா எளகும்."

"நெருப்பும் கூடாதுன்னா கூடாது!"

நெருப்புக் காட்டினால் நட்டில் பெயிண்ட் இருந்தாலும் கருகிப்போகும். அதை அவனிடம் எப்படிச் சொல்வது?

"ஐயோ சாமி! துருப்பிடிச்ச போல்ட்டா, இல்ல மாமியார் வீட்டு நகையா?" என்றான் லான்ஸி. ஆனால் போகவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினான்.

தகட்டு இடுக்கு வழியே நட்டில் ஒரு ஸ்பேனரைக் கொடுத்துச் சட்டத்தோடு அணைத்துவைத்தேன். போல்ட் தலையில் மாட்டிய கம்பிக்கு ஆளுயர இரும்புக் குழாயைச் செருகினோம். லான்ஸி நூறு கிலோவுக்குக் குறைய மாட்டான். தொங்கினான். ஒன்றும் இல்லை. நானும் சேர்ந்து தொங்கினேன். குழாய் வளைந்தது. பிறகு பட்டறையே கிழிந்த மாதிரி ஒரு சத்தம், இரண்டு பேரும் தரையில் கிடந்தோம்.

"வந்துட்டான்!" என்று கத்தினான் லான்ஸி.

அதற்குப் பிறகு கால் கால் சுற்றாகத் திருப்பினேன். கடைசிச் சுற்றில் நட்டு கழன்று தரையில் விழுந்து உருண்டது. என்னால் குனிய முடியவில்லை. லான்ஸிதான் எடுத்து வேட்டியில் துடைத்தான்.

"பொட்டு இருக்கே! இதப் பாக்கத்தானா இந்தப் பாடு?"

கையில் வாங்கிப் பார்த்தேன். பாதி துரு. மீதிப் பாதியில் பெயிண்ட் கெட்டியாக ஒட்டியிருந்தது. சிவப்பு இல்லை. பச்சை. என் பட்டறையில் பச்சைப் பெயிண்ட் என்றைக்குமே இருந்ததில்லை.

அந்த நேரத்தில்தான் ஜலஜா மதியச் சாப்பாட்டுக் கேரியரோடு உள்ளே வந்தாள். நட்டை நீட்டினேன்.

"இது எந்தப் பெயிண்ட்டும்மா?"

திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நம்ம படகு பெயிண்ட்டு, பாவா. அவர்தான் வெச்சாரு."

"எப்போ?"

"கோலம் முடிஞ்ச மறுநா. டக்கு டக்குன்னு சத்தம் வருதுன்னு வண்டிக்கு அடியில போய்ப் படுத்தாரு. முடுக்கிட்டு வந்து பெயிண்ட் டப்பா கேட்டாரு. எதுக்குன்னேன். அண்ணே மறந்துட்டான், பொட்டு வெக்காம விட்டா அவனுக்குக் கோவம் வரும்னு சிரிச்சாரு."

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?"

"நான் சொல்றேன்னுதான் சொன்னேன். வேணாம்டி, அவனுக்குத் தெரிஞ்சா ரெண்டு நாளைக்குச் சோறு எறங்காதுன்னுட்டாரு."

லான்ஸி சட்டையை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

மறந்தது நான்தான். நான் விட்டதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் தரையில் படுத்து முடித்து, என் வழக்கப்படி பொட்டும் வைத்துவிட்டு, ஒன்பது நாள் கழித்து மழையில் போயிருக்கிறான். அந்த ஒன்பது நாளில் மூன்று தடவையாவது பட்டறைக்கு வந்து என்னோடு டீ குடித்தான். முகத்தில் காட்டவே இல்லை, படுபாவி.

"சாப்பிடுங்க பாவா, ஆறிடும்" என்றாள் ஜலஜா.

கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். புழுங்கலரிசிச் சோறு, நெத்திலிக் குழம்பு. ஒரு வாய் அள்ளி வைத்தேன். அவன் சொன்னது சரிதான். சோறு இறங்கவில்லை. வாயில் சோற்றை வைத்துக்கொண்டே அழ ஆரம்பித்தேன்.